இரண்டு பாத்திரம், ஒரே வெள்ளை

வெள்ளை என்று ஒரு நிறம் உலகத்தில் கிடையாது என்பது பெரியவரின் கட்சி. எலும்பு வெள்ளை உண்டு, முட்டை ஓட்டு வெள்ளை உண்டு, ஆஸ்பத்திரி வெள்ளை, பழைய ஃப்ரிட்ஜ் வெள்ளை, முதல் நாள் வேலைக்குப் போகிறவன் சட்டை வெள்ளை என்று மொத்தம் நாற்பத்திரண்டு உண்டு. பெயிண்ட் கடையில் முப்பத்து நாலு வருஷம் நிறம் கலந்தவர் சொல்லும்போது யாரால் மறுக்க முடியும்? ஒருமுறை ஒருவர் கடைக்கு வந்து, வாயிலிருந்த பல்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து, வீட்டு முன்னறைச் சுவர் இதே நிறத்தில் வேண்டும் என்றாராம். இவரும் கலந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் அந்தச் சுவர் ஓரமாக நின்று சிரித்தால், வாய் இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருக்கும் சுவர் தெரிவது போல இருக்குமாம். அவர் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் சிரிப்பதாக இருந்தால் சமையலறைக்கு வந்து சிரிக்கும்படி சொல்லிவிட்டாளாம்.

இதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இடம் மாறாது. முகத்தில் இருந்த சுருக்கங்களின் எண்ணிக்கைக்கு அது சாதாரண சாமர்த்தியம் அல்ல.

வீட்டில் அவர் கதைகளுக்கு நிரந்தரத் தள்ளுபடி உண்டு. மகள் பாதியைக் கழிப்பாள். மருமகன் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு மீதியையும் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வார். எட்டு வயதுப் பேத்தி மட்டும் எதையும் கழிக்காமல் முழுக்கக் கேட்டுவிட்டு, கடைசியில் குறுக்கு விசாரணை செய்வாள்.

"பல்செட்ட கழட்டி வெச்சுட்டாருன்னா, சுவத்துக்கு வேணும்னு எப்படி தாத்தா சொன்னாரு?"

"எழுதிக் காட்டினாரும்மா."

"இதுக்கு முன்னாடி சொன்னப்போ பேசினாருன்னு சொன்னீங்க."

அதனால்தான் அவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர்.

பெரியவர் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஐந்தாவது மாடி வீடு. மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மருமகன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேரும் காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவார்கள். சமையல் பெரியவர் கைக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவராகத்தான் எடுத்துக்கொண்டார்.

"கலக்கறது, கெளறறது, பதம் பாக்கறது. இதைத்தானேம்மா நான் முப்பத்து நாலு வருஷமா பண்ணிட்டிருந்தேன்" என்றார்.

"அதை யாரும் குடிக்கலையேப்பா" என்றாள் மகள்.

அவர் சமைக்கத் தொடங்கிய நாலாவது மாதம் வக்கீலுக்கு வயிற்றுவலி தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொன்னார். அதைப் பெரியவர் எழுதி வாங்கிக்கொள்ளாததுதான் குறை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். உள்ளே யாரோ மேஜை நாற்காலியை இழுத்துப் போடுவது போலச் சத்தம் வரும். பிறகு குழந்தை கழிவறைக்கு ஓடும். பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை இருக்கிறது, அதைச் செரிக்க வைக்கும் சரக்கு இவள் குடலில் போதவில்லை, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பாலையும் பால் சேர்ந்ததையும் நிறுத்துங்கள் என்றார் டாக்டர்.

"மருந்து ஏதாவது?" என்று கேட்டார் பெரியவர்.

"உங்க சமையல்தான் மருந்து" என்றார் டாக்டர்.

எல்லோரிடமும் அவர் சொல்கிற பேச்சுதான் அது. பெரியவர் அதை நியமன உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

பால் என்பது பால் பாக்கெட்டில்தான் இருக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்த அப்பாவி அவர். ரொட்டியில் பால் பவுடர் இருந்தது. பிஸ்கட்டில் இருந்தது. சூப்பில் கரைத்துப் போடும் மசாலாக் கட்டியில் இருந்தது. மாட்டையே பார்த்திராத முகத்தோடு கடை அலமாரியில் உட்கார்ந்திருந்த உருளைக்கிழங்கு வறுவலிலும் இருந்தது. அவர் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டார். ஒருமுறை ஒரு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் முன்பக்கத்தில் போட்டிருந்த தேதி முடிந்துவிட்டதாகவும், கடைக்காரர் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டதாகவும் சொல்வார்.

இப்படி இரண்டு மூன்று சறுக்கல்களுக்குப் பிறகு கை படிந்தது. பால் இல்லாத ரொட்டியைச் சுடக் கற்றுக்கொண்டார். பருப்பும் சோறும் காய்கறியும் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்ததால் சிக்கல் இல்லை. சிக்கல் வெள்ளிக்கிழமை சூப்பில்தான் இருந்தது. உருளைக்கிழங்கை மசித்து, பாலும் க்ரீமும் வெண்ணெயும் விட்டுக் கொதிக்க வைக்கும் கெட்டிச் சூப். இந்த வீட்டில் வாரம் முடிந்ததற்கு அதுதான் அடையாளம்.

வக்கீலுக்காக இனி எல்லோருக்குமே பால் இல்லாமல் செய்துவிடலாம் என்றாள் மகள். பெரியவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"பாவம், மாப்பிள்ளை நாள் பூரா லிஃப்ட் குழியில இறங்கி ஏறுறாரு. அவர் வாயைக் கட்டச் சொல்றியா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. எதுவா இருந்தாலும் சாப்பிடுவேன்" என்றார் மருமகன்.

"அவர் நல்ல மனுஷன், அப்படித்தான் சொல்லுவாரு" என்றார் பெரியவர்.

உண்மை என்னவென்றால், வெண்ணெய் இல்லாத சூப் பெரியவர் தொண்டையில் இறங்காது. அப்படி அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தனக்கு வேண்டும் என்று சொல்லக் கூச்சம். அதனால் மருமகனைத் தூக்கி முன்னால் நிறுத்திவிட்டார்.

ஆகவே இரண்டு பாத்திரம். ஒன்றில் பாலும் வெண்ணெயும் போட்டது, மூன்று பேருக்கு. இன்னொன்றில் காலிஃபிளவரை வேகவைத்து அரைத்து, ஊறவைத்த முந்திரியையும் சேர்த்து அரைத்து விட்டது, வக்கீலுக்கு. அவளுக்குத் தனியாக வேறு ஏதோ கொடுக்கிறார்கள் என்று குழந்தைக்குத் தோன்றவே கூடாது, இரண்டும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று பெரியவர் முடிவு செய்தார். இங்கேதான் அவருடைய முப்பத்து நாலு வருஷம் கண்விழித்தது.

முதல் வாரம் வக்கீலின் சூப் மழையில் நனைந்த சிமெண்ட் வெள்ளையாக வந்தது. அடுத்த வாரம் ஊசி முனையளவு மஞ்சள்தூள் சேர்த்தார், முட்டை ஓட்டுக்குப் போய்விட்டது. மூன்றாவது வாரம் வெந்த கேரட் ஒரு துண்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு சூப்பிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, வெள்ளை அட்டையில் தீற்றி, மகளின் தலைமுடி உலர்த்தும் மெஷினால் உலர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். தேதி எழுதி, இது இடது அடுப்பு, இது வலது அடுப்பு என்று குறித்து, ஒரு பழைய ஆல்பத்தில் சொருகி வைப்பார். அந்த ஆல்பத்தில் அதற்கு முன்பு அவருடைய கல்யாணப் புகைப்படங்கள் இருந்தன. இடம் பற்றாமல் அவற்றை ஒரு உறைக்குள் மாற்றியிருந்தார்.

பாத்திரங்களும் அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து இரண்டு புதிதாக வாங்க வைத்தார். இடது அடுப்பில் இருப்பது வக்கீலுடையது, வலதில் இருப்பது மற்றவர்களுடையது.

"ஒண்ணுல பேர் எழுதி ஒட்டலாமேப்பா. எங்க லேப்ல பேர் ஒட்டாத குழாய் வந்தா, அதுல தங்கமே இருந்தாலும் கீழ ஊத்திடுவோம்" என்றாள் மகள்.

பெரியவர் அவளைப் பார்த்த பார்வையில் கண்ணீர் ஒன்றுதான் பாக்கி. "முப்பத்து நாலு வருஷம் வெள்ளையைப் பாத்த கண்ணும்மா இது. இதுக்கு லேபிளா?"

ஏழாவது வெள்ளிக்கிழமை அது கைகூடியது. இரண்டு மூடியையும் திறந்தார். ஒரே வெள்ளை. குழல்விளக்கு வெளிச்சத்தை நம்பி நிறம் பார்க்கிறவன் தொழில் தெரியாதவன் என்பதால், இரண்டு பாத்திரத்தையும் துணியால் பிடித்துத் தூக்கி ஜன்னல் மேடைக்குக் கொண்டுபோனார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வித்தியாசம் இல்லை. அதற்கப்புறம் ஒரு விதி உண்டு. இரண்டு நிறத்தை ஒப்பிடும்போது இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி வைத்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். வெளிச்சம் ஒரு பக்கம் கூடுதலாக விழுந்தால் ஏமாந்துவிடக் கூடாதல்லவா? மாற்றி வைத்துப் பார்த்தார். அப்போதும் வித்தியாசம் இல்லை. ஓய்வு பெற்ற நாளில் கடையில் அவருக்குப் போட்ட மாலையைவிட இது பெரிதாகத் தோன்றியது. அப்படியே அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் வைத்தார். சொட்டு எடுத்தார், அட்டையில் தீற்றினார், உலர்த்தினார், எழுதினார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் பெரியவரே இரண்டு கிண்ணம் குடித்தார். "வெண்ணெய்ன்னா வெண்ணெய்தான்" என்று சப்புக்கொட்டினார். வக்கீல் தன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். வழக்கமாகக் கால் கிண்ணம் மிச்சம் வைக்கிறவள் அவள். பெரியவர் அதைப் பார்த்தார். தன் கைத்திறம் என்று கணக்கு எழுதிக்கொண்டார்.

எட்டு மணிக்குக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

மகள் வெந்நீர்ப் பையை எடுக்கப் போனாள். மருமகன் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஸ்கூல்ல என்ன சாப்பிட்ட?"

"டப்பால இருந்தது."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லப்பா."

பள்ளிக் குறிப்பேட்டில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க அவர் பையைத் திறந்தார். கணக்கு நோட்டுக்குள்ளிருந்து ஐஸ்க்ரீம் காகிதம் ஒன்று விழுந்தது. கழுவி, மடிப்பில்லாமல் நீவி வைத்த காகிதம்.

"இது என்ன?"

"பேப்பர்."

"ஐஸ்க்ரீம் பேப்பர்."

"பேப்பர் மட்டும்தான்ப்பா. பக்கத்துல உக்கார்றவ சாப்பிட்டா. பேப்பரை நான் கேட்டு வாங்கினேன்."

"எதுக்கு?"

"படம் நல்லா இருந்துச்சு."

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காரணம் வேண்டும். காரணம் கையில் கிடைத்துவிட்டால் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிடலாம். இங்கே காரணம் அவர் காலடியிலேயே வந்து விழுந்திருந்தது.

பள்ளியில் இரண்டு நாள் முகாம் ஒன்று இருந்தது. காட்டுக்குள் கூடாரம் போட்டு, பறவை பார்த்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு வருவது. வக்கீல் மூன்று வாரமாக அந்தப் பேச்சாகவே இருந்தாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் தொங்கிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"வீட்ல நாங்க இருக்கும்போதே இப்படின்னா, ரெண்டு நாள் வெளியில யாரு பாத்துப்பா?" என்றார் மருமகன். குரலை உயர்த்தவில்லை. "இந்தத் தடவை வேண்டாம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"நான் சாப்பிடலப்பா."

மகள் தயங்கினாள். "சூப்ல ஏதாவது..."

இந்த இடத்தில் பெரியவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூடிக்கொண்டு இருந்த அனுபவம் அவருக்குக் குறைவு.

"சூப்ல தப்பு நடக்க வாய்ப்பே இல்லம்மா" என்றார். "வேணும்னா அட்டையைக் காட்டறேன்." பிறகு வக்கீல் பக்கம் குனிந்து, மிகவும் பெருந்தன்மையாக, "ஒரு வாய்தானே சாப்பிட்ட? ஒத்துக்கிட்டா தப்பில்ல கண்ணு. தாத்தா உன் கட்சிதான்" என்றார்.

வக்கீல் அவரையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தன் வழக்கில் அவள் ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை.

சனிக்கிழமை வயிறு சரியாகிவிட்டது. பேச்சு சரியாகவில்லை. பெரியவர் சமாதானம் செய்ய ஒரு கதையை எடுத்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்கு வானத்தின் நிறத்தை அப்படியே கலந்து அடித்துவிட்டதால், தொட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அந்தத் தெருவே நாலு நாள் தண்ணீர் இல்லாமல் தவித்த கதை. குழாய் எங்கே போனது, குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் தொட்டி கிடைத்திருக்குமே என்று கேட்பதற்கு வசதியாகக் கதையில் நாலு ஓட்டை வேண்டுமென்றே வைத்திருந்தார்.

"சரி தாத்தா" என்றாள் வக்கீல்.

அவ்வளவுதான். நாலு ஓட்டையும் அப்படியே இருந்தன. தன் கதையை ஒருவர் முழுசாக நம்புவது இத்தனை கேவலமாக இருக்கும் என்று பெரியவர் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, வெற்றி பெற்ற அட்டைகளை ஆல்பத்தில் சொருகலாம் என்று எடுத்தார். அதற்கு முன்னாலிருந்த ஆறு வார அட்டைகளும் வரிசையாக இருந்தன. வலது என்று எழுதிய ஆறும் இரண்டு மூன்று நாளில் வெண்ணெய் ஊறி, விளிம்பில் மஞ்சள் வளையம் கட்டியிருந்தன. இடது என்று எழுதிய ஆறும் காய்ந்த சுண்ணாம்பு போல வெளிறிக் கிடந்தன. காய்ந்தபின் என்ன நடக்கும் என்பது நிறம் கலக்கிறவனுக்குத் தெரிந்த பாலபாடம்.

கையிலிருந்த வெள்ளிக்கிழமை அட்டைகளைப் பார்த்தார். வலது வெளிறியிருந்தது. இடதில் மஞ்சள் வளையம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அட்டைகளை இடம் மாற்றி வைத்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கையை நீட்டியவர், பாதியில் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

மாற்றி வைத்தது ஞாபகம் வந்தது. திரும்ப மாற்றியது ஞாபகம் வரவில்லை. நடக்காதது எப்படி ஞாபகம் வரும்?

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். முதலில், எழுதும்போது இடது வலது மாறியிருக்கலாம் என்று தனக்காக ஒரு வாதம் வைத்தார். அதற்கு முந்தைய ஆறு வாரமும் மாறாத கை ஏன் மாற வேண்டும் என்று தானே கேட்டுக்கொண்டார். குழந்தை ஐஸ்க்ரீமும் சாப்பிட்டிருக்கலாம் அல்லவா என்று இன்னொன்று. அது வாயை விட்டு வெளியே வரவே கூசியது. கடைசியாக, குழந்தைக்கு முகாம்தானே, அடுத்த வருஷமும் காடு அங்கேயே இருக்கும் என்று ஒன்று தோன்றியது. அதைத் தோன்றவிட்டதற்காகத் தன்னைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. எதிரில் ஃப்ரிட்ஜ் கதவு இருந்தது. அதில் படிவம் வெறுமையாகத் தொங்கியது.

சொன்னால் சமையலறை போய்விடும். தவறு செய்ததற்குப் போனால் பரவாயில்லை. அந்தத் தவறைச் செய்துவிட்டுக் குழந்தையை ஒத்துக்கொள்ளச் சொன்ன கிழவனை எந்தச் சமையலறை வைத்துக்கொள்ளும்?

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, யாரும் ஒரு வாய் எடுத்து வைப்பதற்குள் பெரியவர் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை தப்பு என்னோடது. பாத்திரம் மாறிடுச்சு. பால் போட்ட சூப்பைத்தான் அவளுக்கு ஊத்தியிருக்கேன். அவ ஐஸ்க்ரீம் எதுவும் சாப்பிடல."

மருமகன் மாமனாரைப் பார்த்தார், பிறகு படிவத்தைப் பார்த்தார், பிறகு முகத்தில் ஒரு மாதிரி கனிவு வந்தது. பெரியவர் எந்தப் பதிலுக்கும் தயாராக இருந்தார், அந்தக் கனிவைத் தவிர.

"மாமா, உங்க பாசம் எனக்குப் புரியுது" என்றார். "அவளை எப்படியாவது அனுப்பணும்னு பாக்கறீங்க."

"இல்ல மாப்பிள்ளை, நெஜமா."

"நெஜம்தான், நெஜம்தான்."

"இதோ அட்டை. பாருங்க, வளையம் மாறியிருக்கு."

மகள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, நீங்க நெனச்சா எந்த நெறத்தையும் கொண்டுவந்துடுவீங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க. ரெண்டு சொட்டு வெண்ணெய் போதாதா இதுக்கு?"

"நான் பொய் சொல்றேன்னு சொல்றியா?"

பெரியவருக்கு எழுபத்தொரு வயது. அதில் எழுபது வருஷம் அவர் சொன்ன பொய்யை எல்லாம் உட்கார்ந்து கேட்ட குடும்பம், அவர் சொன்ன முதல் உண்மையைக் கனிவோடு தட்டிக்கழித்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதையும் அவர்கள் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்து, கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது வக்கீல் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை உங்க சூப் எப்படி இருந்துச்சு?"

மருமகன் மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தார். "நல்லாத்தான் இருந்துச்சு."

"நெஜமா சொல்லுங்கப்பா."

"கொஞ்சம்... சப்புன்னு இருந்த மாதிரி இருந்துச்சு."

"அம்மா, உங்களுக்கு?"

மகள் யோசித்தாள். "மாவு கரைச்ச மாதிரி இருந்துச்சு. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, வெண்ணெய் போட மறந்துட்டாரு போலன்னு நெனச்சேன். சொல்லல."

"எனக்கு நல்லா இருந்துச்சு" என்றாள் வக்கீல். "எனக்கு மட்டும்தான் நல்லா இருந்துச்சு. தாத்தா சமையல் தேறிடுச்சுன்னு நெனச்சேன்."

மகள் அட்டையை மறுபடி கையில் எடுத்தாள்.

"இரு, இரு" என்றார் பெரியவர். விசாரணை தனக்குச் சாதகமாகத்தான் போகிறது என்பது தெரிந்தும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "மத்த வாரமெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"தாத்தா, நீங்க வெள்ளிக்கிழமை எத்தனை கிண்ணம் குடிச்சீங்க?"

"ரெண்டு."

"என்ன சொன்னீங்க?"

பெரியவர் சட்டைப்பையில் எதையோ தேடத் தொடங்கினார். மருமகன்தான் எடுத்துக் கொடுத்தார். "வெண்ணெய்ன்னா வெண்ணெய்தான்னு சொன்னாரு."

"அது காலிஃபிளவர் தாத்தா."

முப்பத்து நாலு வருஷம் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாசனையில் வேலை பார்த்தவர் அவர். கண்தான் அவரோடு வீட்டுக்கு வந்தது. மூக்கும் நாக்கும் கடையிலேயே தங்கிவிட்டன போல. வெண்ணெய் இல்லாமல் இறங்காத தொண்டையில் இரண்டு கிண்ணம் காலிஃபிளவர் இறங்கியிருக்கிறது, அதுவும் பாராட்டோடு. இந்த வீட்டில் இரண்டு சூப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே ஆள் அவர்தான். அந்த ஆளுக்காகத்தான் ஏழு வாரமாக இரண்டு பாத்திரம் ஏறியிருக்கிறது.

"அன்னைக்கே ஏன்டி சொல்லல, நல்லா இருக்குன்னு?" என்று கேட்டாள் மகள்.

வக்கீல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொன்னா, அப்போ மத்த வாரம் நல்லா இல்லையான்னு தாத்தா கேப்பாரு. நான் என்ன சொல்றது?"

பெரியவர் நாற்காலியைத் தள்ளி எழுந்து, குழந்தையின் பக்கம் போனார். என்ன செய்வது என்று தெரியாமல் அவளுடைய தண்ணீர் டம்ளரை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

"தாத்தா உன்னை ஒத்துக்கச் சொன்னது தப்பும்மா."

"ஆமா" என்றாள் வக்கீல்.

"பெரிய தப்பு."

"ஆமா."

தண்டனையைக் குறைத்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

மருமகன் எழுந்து ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து படிவத்தை எடுத்து வந்தார். வக்கீலின் பக்கத்தில் குனிந்து, "அப்பாவும் விசாரிக்காம முடிவு பண்ணிட்டேன். மன்னிச்சுக்க" என்றார். பிறகு, தாங்கமுடியாமல், "அந்தப் பேப்பர் எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"நெறைய இருக்கு. சாப்பிட முடியாதது எல்லாத்துக்கும் பேப்பர் வெச்சிருக்கேன். மோந்து பாப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். கையெழுத்தை வழக்கத்தைவிட அழுத்திப் போட்டார்.

"இனிமே வெள்ளிக்கிழமை ஒரே பாத்திரம்" என்றாள் மகள். "எல்லாருக்கும் ஒண்ணு. பால் இல்லாதது."

"நான் சமைக்கலாமா?" என்று கேட்டார் பெரியவர். அந்த வீட்டில் அவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை என்பதால் எல்லோரும் கொஞ்சம் பயந்துபோனார்கள்.

மகள் தன் மகளைப் பார்த்தாள். "வக்கீல் சொல்லட்டும்."

வக்கீல் நேரம் எடுத்துக்கொண்டாள். "வெள்ளையா வேண்டாம். வேற கலர்ல பண்ணுங்க. தக்காளி போடுங்க. எங்கிட்ட ருசி பாக்கக் குடுத்துட்டுத்தான் எறக்கணும்."

"சரிங்கம்மா."

படிவத்தின் பின்பக்கத்தில் உணவு விவரம் எழுத இடம் இருந்தது. முகாமில் சமைக்கிறவர்களுக்கானது. மருமகன் பேனாவை மாமனார் பக்கம் தள்ளினார். "இது நீங்க எழுதுங்க மாமா. எனக்கு எதுல எல்லாம் பால் இருக்குன்னே தெரியாது."

பெரியவர் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து உட்கார்ந்தார். பால், க்ரீம், வெண்ணெய், பால் பவுடர் போட்ட ரொட்டி, பிஸ்கட், சூப்புக்கான மசாலாக் கட்டி, பாக்கெட் வறுவல் என்று பொறுமையாக எழுதினார். கட்டம் நிறைந்துவிட்டது, ஓரத்தில் திருப்பி எழுதினார். அடுத்த கேள்வி, இதற்கு முன் குழந்தைக்குத் தவறான உணவு கொடுக்கப்பட்டதுண்டா, எப்படி நேர்ந்தது என்பது.

பேனா நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் தொடங்கி, நாற்பத்திரண்டு வகை வெள்ளை வழியாகப் போய், ஒரு அசாதாரணமான மாலைப்பொழுதில் முடிகிற ஒரு கதை விரல் நுனிவரை வந்துவிட்டது. அதில் அவர் குற்றம் பாதிதான் இருந்தது. மீதியை வெளிச்சம் ஏற்றுக்கொண்டிருந்தது.

வக்கீல் அவர் முழங்கையோரம் வந்து நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள்.

"உண்டு. சமைத்தவர் பாத்திரத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்" என்று எழுதினார் பெரியவர்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "யார் சமைச்சதுன்னு போடல."

அவர் "தாத்தா" என்று சேர்த்து எழுதி, பேனாவை மூடினார்.